கேசட்டின் கடைசியில் அக்கா பேசுவாள்

கதை முடிந்த பிறகு கேசட்டில் கொஞ்சம் டேப் மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தில்தான் அக்கா பேசுவாள்.

"வணக்கம். திருவண்ணாமலைல இருந்து பேசறேன். கதை நல்லாருக்கு. ஹீரோ பேசறப்பல்லாம் சார் குரல எறக்கிப் படிக்கறாரு. கெணத்துல விழுந்தவன் கூப்புடற மாதிரி கீது. ஆம்பளன்னு எங்களுக்குத் தெரியும் சார், பேர்லயே தெரியுது. சாதாரணமா படிங்க. நன்றி."

அவ்வளவுதான். பெயர் சொல்ல மாட்டாள். பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, கேசட்டை அதன் பெட்டிக்குள் போட்டு, "இந்தா, போஸ்ட்மேன் வந்தா குடுத்துடு" என்று என்னிடம் நீட்டுவாள். நல்ல காரியம் ஒன்றைச் செய்து முடித்த திருப்தி முகத்தில் இருக்கும்.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது அந்தக் கடை. ஒரு பாதி அக்காவின் எஸ்.டி.டி. பூத். மறு பாதியில் ஜெராக்ஸ் மிஷின். மிஷினை ஓட்டுவது என் வேலை, அக்காதான் முதலாளி. அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். அப்போது அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். இதை எங்கே எழுதினாலும் எழுதுவேன், எனக்கு அதில் வெட்கமில்லை, பெருமைதான்.

அக்காவுக்குப் பார்வை கிடையாது. கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். சின்ன வயதில் அம்மை வந்து கண் போனது. பார்வையற்றோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள். நான் பார்த்தபோது முப்பத்தைந்து வயது இருக்கலாம். அந்த வயதுக்கு நன்றாக உடுத்துவாள். புடவைக்கு ரவிக்கை பொருந்தியிருக்கிறதா என்று காலையில் என்னிடம் கேட்பாள். பொருந்தவில்லை என்றால் அதை எடுத்துக் கொடுத்த தம்பி மனைவிக்கு அன்று முழுக்கத் திட்டு விழும்.

சென்னையில் பார்வையற்றவர்களுக்காக ஒரு பேசும் நூலகம் இருந்தது. கண் தெரிந்தவர்கள் சிலர் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கதைப் புத்தகங்களைப் படித்து கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். நூலகம் அதைத் தபாலில் ஊர் ஊராக அனுப்பும். கேட்டு முடித்தவர்கள் திருப்பி அனுப்ப வேண்டும், பிறகு அது இன்னொருவருக்குப் போகும். மேலே வேறு எதுவும் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக, கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னத் தகட்டை உடைத்துத்தான் அனுப்புவார்கள். அக்கா அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்து, மேலே ஒரு துண்டு செலோடேப் ஒட்டுவாள். இப்போது அதில் பதியலாம். முழுக் கதையையும் கேட்ட பிறகு தன் அபிப்பிராயத்தைக் கடைசியில் சேர்த்துவிடுவாள்.

முதலில் நூலகத்துச் செயலாளர் போன் செய்து கண்டித்தார். நூலகச் சொத்தில் இப்படிப் பண்ணலாமா என்று கேட்டார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அபிப்பிராயம் சொல்ல வேறு இடம் இருந்தால் காட்டுங்கள், அங்கே சொல்கிறேன் என்றாள். அவரிடம் வேறு இடம் இல்லை. கொஞ்ச நாளில் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கேட்கிறவர்கள், திருவண்ணாமலை அம்மா பேசிய கேசட்டாக அனுப்புங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். செயலாளர் அதன் பிறகு கண்டிக்கவில்லை. அக்காவின் பேச்சைக் கதை படித்தவர்களுக்கே போட்டுக் காட்டுகிறோம் என்று ஒருமுறை சொன்னார். அன்று அக்கா எனக்கு டீயோடு பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தாள்.

அக்கா கேட்டது முக்கால்வாசியும் காதல் கதைகள். வேறு வகைக் கதைகளும் வரும், கேட்பாள், ஆனால் பேச்சு இந்தக் கதைகளைப் பற்றித்தான். நான் பாடப் புத்தகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த திமிரில், எல்லாக் கதையும் ஒரே மாதிரிதானே அக்கா, முதல் அத்தியாயத்தில் சண்டை, கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறேன்.

"ஆமா. சாம்பார் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுதான தெனம் சாப்புடற?" என்றாள். "முடிவு தெரிஞ்சா நிம்மதியா கேக்கலாம். நடுவுல அவன் இன்னா பேசறான், இவ இன்னா திருப்பிக் குடுக்கறா, அதான் கத."

ஆனால் கதை எழுதுகிறவர்கள் மேல் அவளுக்கு ஒரு கோபம் உண்டு. ஹீரோ அறைக்குள் வந்தால் அவன் கண், தோள், சட்டையின் நிறம் என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். அவன் எப்படி நடந்து வந்தான், நாற்காலியை இழுத்தானா தூக்கிப் போட்டானா, காபி டம்ளரை எப்படி வைத்தான் என்று யாரும் எழுதுவதில்லை. டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்பாள். சில சமயம் அதுவும் தப்பாகப் போகும். பூத்துக்குப் பேச வந்த ஒரு வெள்ளைக்காரரை, சில்லறையை மெதுவாக வைக்கிறார், அடக்கமான மனுஷன் என்றாள். அடுத்த நிமிஷம் அவர் கண்ணாடிக் கதவு அதிர யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "போன்ல ஒரு மனுஷன், நேர்ல ஒரு மனுஷன்" என்று அக்கா சமாளித்தாள்.

படிக்கிறவர்களைப் பற்றிய அபிப்பிராயம்தான் நிறைய. கதாநாயகி அழுவதற்கு முன்னால் படிக்கிறவர் அழக் கூடாது. சிரிப்பு வருகிற இடம் என்று முன்கூட்டியே சிரித்துக் காட்டக் கூடாது. பக்கம் திருப்புகிற சத்தம் கேட்கலாம், அது நன்றாகவே இருக்கும். அவளுடைய டேப் ரிக்கார்டரில் வேகத்தைக் கூட்டுகிற ஒரு திருகு இருந்தது. பிடிக்காத குரலை அதில் வேகமாக ஓட்டிக் கதையை மட்டும் எடுத்துக்கொள்வாள். அப்போது கடைக்குள் எலி ஒன்று காதல் வசனம் பேசுவது போல இருக்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நூலகத்துக்குப் படித்துக் கொடுத்தவர்களில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். கிணற்றிலிருந்து கூப்பிடுகிறார் என்று அக்கா சொன்னது அவரைத்தான். அவர் இன்னொன்றும் செய்வார். காதலனும் காதலியும் தனியாக இருக்கும் இடம் வந்தால் டேப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பத்தியைத் தாண்டி மறுபடி ஆரம்பிப்பார். நமக்கு ஒன்றும் தெரியாது. அக்காவுக்குப் பொத்தானை அழுத்துகிற அந்த 'டக்' கேட்டுவிடும்.

"இங்க கம்மி பண்ணிட்டாரு" என்று ஒருநாள் மத்தியானம் டேப்பை நிறுத்தினாள். "இப்பதான் கைய புடிச்சான். அதுக்குள்ள ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல நிக்கறாங்க. நடுவுல இன்னா ஆச்சு?"

தேரடி வீதிப் பக்கம் ஒரு வாடகை நூல் நிலையத்திலிருந்து அதே புத்தகத்தை எடுத்து வரச் சொன்னாள். எடுத்து வந்தேன். விட்டுப்போன பகுதியைப் படிக்கச் சொன்னாள். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் ரேஷன் கார்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்திப் படித்தேன்.

"இன்னாடி, திருடன் மாதிரி படிக்கற. சத்தமா படி."

படித்தேன். முகம் சூடாகிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, அவன் அவள் நெற்றியில் முத்தம் கொடுக்கிறான், அவள் அழுகிறாள். ரேஷன் கார்டுக்காரர் சொன்னார், "இதுக்குப் போயி கட் பண்ணாராம்மா? டிவில இதவிட ஜாஸ்தி காட்றான்." அக்கா அன்றைய அபிப்பிராயத்தில் அதையும் சேர்த்தாள். எங்களுக்குக் கண்ணுதான் இல்லை, வயசு வந்துவிட்டது, முழுசாகப் படியுங்கள் என்று. அதிகாரி பிறகு முத்தங்களையும் படித்தார். ஆனால் செய்தி வாசிப்பது போல.

அந்த வெற்றியில் நானே ஒரு கதையைப் பதிந்து கொடுக்கலாமா என்று எனக்கு ஆசை வந்தது. பள்ளியில் ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். ஒரு அத்தியாயம் படித்துக் காட்டினேன். அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள்.

"தப்பே இல்லாம படிக்கற," என்றாள். "ஆனா உன் கையில இருந்து யாரோ புஸ்தகத்தப் புடுங்கிக்கப் போறாங்கன்ற மாதிரி படிக்கற. யாரும் புடுங்க மாட்டாங்க. மெதுவா."

இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. இப்போது ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். வகுப்பில் படித்துக் காட்டும்போது அவள் சொன்னபடிதான் படிக்கிறேன்.

அக்கா ஒருபோதும் வேகமாக ஓட்டாத குரல் ஒன்று இருந்தது. அந்தம்மா என்றுதான் சொல்வோம். சென்னையில் எங்கோ ஒரு வீட்டிலிருந்து படிப்பவர். ரைஸ்மில் வைத்திருக்கும் குடும்பத்தில் ஐந்து பெண்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு நாவல் என்று ஐந்து நாவல்கள் வந்திருந்தன. அவற்றை வரிசையாக அந்தம்மா படித்துக்கொண்டிருந்தார். ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல் என்று எதுவும் செய்ய மாட்டார். பக்கத்து வீட்டில் நடந்ததை நமக்குச் சொல்வது போலப் படிப்பார். ஆனாலும் யார் பேசுகிறார்கள் என்று குழப்பம் வராது.

ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் நடுவில் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் எங்களுக்குள் பேச்சே அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான். நாலு கதையிலும் எல்லோரையும் எதிர்த்துப் பேசிக்கொண்டே வளர்ந்த கடைசிப் பெண் மேல் அக்காவுக்கு உயிர். அவள் கதை ஐந்தாவது. அவளாவது கல்யாணம் வேண்டாமென்று காலேஜுக்குப் போக வேண்டும் என்றேன் நான். "காலேஜுக்கும் போவட்டும், கல்யாணமும் பண்ணிக்கட்டும். ரெண்டுல ஒண்ணுன்னு யாரு சொன்னது உனக்கு?" என்று அக்கா கேட்டாள்.

அந்தம்மாவின் பதிவில் அவர் வீடும் கேட்கும். குக்கர் விசில், காய்கறி வண்டிக்காரர், புறா. அதையெல்லாம் அக்கா ரசிப்பாள். ஒன்றை மட்டும் பொறுக்க மாட்டாள். சாயங்காலம் ஒரு ஸ்கூட்டர் வரும். கதையின் முக்கியமான இடத்தில் தடதடவென்று வந்து வாசலில் நிற்கும். அக்கா முதல் கதையின் கடைசியில் அதைச் சொன்னாள். இரண்டாவதிலும் சொன்னாள். மூன்றாவதில் கொஞ்சம் காரமாகவே சொன்னாள். வண்டி வருகிற நேரம் பார்த்துப் பதிவு செய்வானேன், முன்கூட்டி உட்கார்ந்தால் ஆகாதா என்று.

நாலாவது கதை வந்தது. முதல் பாதியில் ஸ்கூட்டர் வந்தது. இரண்டாவது பாதியில் ஒருமுறைகூட வரவில்லை. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் பேச்சுக்கு மரியாதை கிடைத்துவிட்டது என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடைசியில் செலோடேப் ஒட்டிப் பேசினாள்.

"அம்மா, ரொம்ப நன்றிங்க. நான் சொன்னத மதிச்சு நேரத்த மாத்திட்டீங்க. இப்ப வண்டி சத்தம் இல்ல. இப்பதான் பதிவு சுத்தமா கீது. இனிமே இப்படியே படிங்க."

அந்தக் கேசட் போய்ப் பல வாரம் கழித்துச் செயலாளர் போன் செய்தார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அக்கா முதலில் வழக்கம்போல ஐந்தாவது கதை எப்போது என்று கேட்டாள். பிறகு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்ப?" என்று ஒருமுறை கேட்டாள். போனை வைத்தாள். அதற்குள் ஒருவர் பெங்களூருக்குப் பேச வந்துவிட்டார். நம்பரைக் கேட்டு, சுழற்றி, அவரைக் கூண்டுக்குள் அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

நாலாவது கதையைப் பாதி படித்திருந்தபோது அந்தம்மாவின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மாரடைப்பு. ஒப்புக்கொண்ட வேலை என்று மிச்சப் பாதியை அந்தம்மா எப்படியோ படித்து முடித்துக் கொடுத்திருக்கிறார். செயலாளருக்கும் அப்போது விஷயம் தெரியாது. அக்காவின் பேச்சை எப்போதும் போல அந்தம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தம்மா கோபப்படவில்லையாம். ஐந்தாவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, இனிமேல் தன்னால் படிக்க முடியாது என்று மட்டும் சொன்னாராம். அதிகாரியை வைத்துப் படித்து முடித்துவிடலாம் என்பது செயலாளரின் யோசனை.

"நீங்க தெரியாம சொன்னதுதானக்கா" என்றேன்.

"தெரியாமதான் சொன்னேன். ஆனா காதுல உழாம சொல்லல. வண்டி வரலன்றது நல்லா கேட்டுச்சு. கேட்டுட்டு சந்தோஷப்பட்டேன் பாரு."

வருத்தம் தெரிவித்து நாலு வார்த்தை பதிந்து அனுப்பலாம் என்று யோசனை சொன்னேன். மைக்கைக் கையில் எடுத்தாள். ஆண்டவன் உங்களுக்குத் தைரியத்தைக் கொடுக்கட்டும் என்று ஆரம்பித்து, நிறுத்தி, அழித்தாள். இது யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி இருக்கிறது, அந்தம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்றாள். ஐந்தாவது கதையை வாடகைக்கு எடுத்து நானே படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். நிறைய நாள் காத்திருந்த கதை. வேண்டாம் என்றுவிட்டாள். அந்தம்மா படித்தால் கேட்பேன், இல்லாவிட்டால் அந்தப் பெண் நாலாவது கதையில் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றாள். செயலாளரிடமும் அதிகாரியை வைத்துப் படிக்க வேண்டாமென்று கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பிறகு நாலு கதைகளையும் மறுபடி அனுப்பச் சொன்னாள். வந்தன. கதையை அவள் கேட்கவில்லை. கதைக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டாள். ஸ்கூட்டர் வருகிற இடமாகப் பார்த்துப் போட்டு, மறுபடி பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு. மத்தியானம் ஆள் குறைவாக இருக்கும்போது என் மிஷினை நிறுத்தச் சொல்வாள், அதன் விசிறி இரைச்சல் இடைஞ்சல் என்று. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.

"கேளு. வண்டி வருது. ஸ்டாண்டு போடறாரு. இப்ப வாசக் கேட்டுக் கொக்கி சத்தம் வரணுமில்ல? வருதா பாரு."

வரவில்லை. அந்தம்மா படித்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது பெண்ணை மாமியார் ஏதோ சொல்ல, அவள் பதில் சொல்ல, பத்தி நீண்டது. முடிந்தது. அதன் பிறகுதான் கொக்கி சத்தம் கேட்டது.

இன்னொரு கேசட் போட்டாள். அதிலும் அப்படித்தான். படிப்பு நிற்கும்வரை கேட் திறக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தம்மாவோடு பேச வேண்டும், ஒத்துக்கொள்வார்களா என்று கேள் என்று செயலாளருக்குப் போன் போடச் சொன்னாள்.

நம்பர் தர முடியாது, உங்கள் பூத் நம்பரை அவரிடம் கொடுக்கிறேன், விருப்பம் இருந்தால் பேசுவார் என்றார் செயலாளர். விருப்பம் வந்தது ஒரு பௌர்ணமி சாயங்காலம். கிரிவலத்துக்கு வந்த கூட்டம் சாலையை அடைத்துப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குப் போன் பேச வாசல் வரை வரிசை. மணி அடித்து அக்கா எடுத்தாள். எதிர்முனையில் ஹலோ சொல்லியிருப்பார் போல. அக்கா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"தெரியுதுங்கம்மா. உங்க குரல் தெரியாதா எனக்கு."

வரிசையில் நின்ற ஒருவர், "இன்னாம்மா, பூத்துக்காரங்களே பேசினு இருந்தா நாங்க எப்ப பேசறது?" என்றார். "கொஞ்சம் இருங்க சாமி" என்று கையால் காட்டிவிட்டு அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வண்டிய பத்தி நான் பேசினது தப்புங்க... இல்லீங்க, நீங்க சமாதானம் சொல்லாதீங்க. ஒண்ணு கேக்கணும். சார் வண்டிய நிறுத்திட்டு உடனே உள்ள வரமாட்டாரு, அது உங்களுக்குத் தெரியுமா? நீங்க அந்தப் பத்திய முடிக்கற வரைக்கும் கேட்டாண்டயே நிப்பாருங்க. நீங்க நிறுத்தினப்புறம்தான் கேட்டு திறக்கும். எல்லா கதையிலயும் அப்படித்தான். நான் திரும்பக் கேட்டுட்டு சொல்றேன். மொதல்ல எனக்கு வண்டி மட்டும்தான் கேட்டுச்சு."

அதற்குப் பிறகு அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள். வரிசையில் முணுமுணுப்பு அதிகமானது. நான் போய் வேறு லைனில் இரண்டு பேருக்கு நம்பர் போட்டுக் கொடுத்தேன். கடைசியில், "சரிங்கம்மா, வெச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தம்மா என்ன சொன்னார் என்று கூட்டம் குறைந்ததும் கேட்டேன்.

"தெரியாதுன்னாங்க. அவரு வெளிய நிக்கறது தெரியவே தெரியாதாம்."

தீபத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நாட்களில் ஐந்தாவது கதை வந்தது. பெட்டியின் மேல் புடைத்திருந்த பிரெயில் எழுத்துகளை அக்கா விரலால் படித்தாள். படித்தவர் பெயரில் விரல் நின்றது. எனக்கு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழைய குரல்தான். கொஞ்சம் மெலிந்திருந்தது. கடைசிப் பெண் வந்தவுடனே யாரையோ எதிர்த்துப் பேசினாள், அக்கா சிரித்தாள். இரண்டாவது கேசட்டின் நடுவில் ஒரு பத்தி முடிந்ததும் குரல் நின்றது. 'டக்' இல்லை, டேப்பை யாரும் நிறுத்தவில்லை. காகம் ஒன்று தூரத்தில் கத்தியது, அதுவும் நின்றது. ரீல் சுற்றிக்கொண்டே இருந்தது. டேப் ரிக்கார்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் தலையில் தட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. பிறகு அந்தம்மா அடுத்த பத்தியைப் படித்தார்.

மற்ற கேசட்டுகளிலும் அப்படி ஓரிரு இடங்கள் வந்தன. முன்பெல்லாம் வெற்றிடம் விட்டால் அக்கா சும்மா விட மாட்டாள். கதை கேட்க உட்கார்ந்தவனைத் தெருவில் நிற்க வைப்பதா என்பாள்.

கதை முடிந்தது. கடைசிப் பெண் காலேஜுக்கும் போனாள், கல்யாணமும் செய்துகொண்டாள். அக்கா என் பக்கம் திரும்பிப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். செலோடேப் கேட்டாள். கொடுத்தேன். குழியைத் தடவி, ஒட்டி, மைக்கை எடுத்தாள்.

"வணக்கம். திருவண்ணாமலைல இருந்து பேசறேன். கதை நல்லாருக்கு. அந்தப் பொண்ணு பேசற பேச்சுக்கு இந்த மாப்பிள்ள போதாது, எழுதினவங்க இன்னும் கொஞ்சம் நல்லவனா தேடியிருக்கலாம். இனிமே கேக்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நடுவுல சில எடத்துல சத்தமே வராது. டேப்பு நின்னுடுச்சுன்னு மிஷின தட்டாதீங்க. கொஞ்சம் இருங்க. படிப்பாங்க."